ஒட்டுக்கா உட்டுட்டேன்

காலை ஆறு மணி பத்து நிமிடம். சென்ற ஆண்டு ஆவணி மாதம், ஒரு வியாழக்கிழமை. திருப்பூரில் நான் குடியிருக்கும் லைன் வீட்டின் கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது முருங்கைக்காய். வாசற்படியிலிருந்து பொதுக் குழாய் வரை, ஜன்னல் மறையும் உயரத்துக்குக் கட்டுக் கட்டாக அடுக்கியிருந்தது. எண்ணிப் பார்த்தேன். ஐம்பத்து நான்கு கட்டு. அந்த அடுக்கின் உச்சியில், தேய்த்த மடிப்பு கலையாத வெள்ளைச் சட்டையோடு என் தம்பி உட்கார்ந்திருந்தான். தெருநாய் ஒன்று அவனைப் பார்த்து நின்றது. அதனிடம், "வாங்க சாமி, உக்காருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

சற்றுத் தள்ளி ஒரு குட்டியானைச் சரக்கு வண்டி நின்றது. அதன் ஓட்டுநருக்கு ஐம்பது வயது இருக்கும். பொதுக் குழாயில் முகம் கழுவியபடி என்னையே கவனித்துக்கொண்டிருந்தார்.

தம்பி கீழே குதித்து வந்தான். திருப்பூரிலிருந்து பனியன் மட்டும்தான் கப்பல் ஏற வேண்டுமா, மூலனூர் முருங்கைக்காயும் ஏறலாம். நான் செக்கிங் பார்த்துக் கொடுத்தால் போதும், பேக்கிங்கும் லேபிளும் தன் பொறுப்பு என்றான். மூச்சு விடாமல் சொன்னான். நான் சிரித்தேன். இதை எழுதும்போது முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியது அதைத்தான். சிரித்தேன்.

நான் ஒரு பனியன் கம்பெனியில் பதினைந்து வருடமாகச் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். தைத்து வரும் பீஸை உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் எல்லாவற்றையும் கண்டுபிடிப்பது வேலை. ஒரு பீஸுக்கு அரை நிமிடம் ஆகாது. என் கண்ணில் எதுவும் தப்பாது என்று கம்பெனியில் சொல்வார்கள். நானும் அதை நம்பிக்கொண்டிருந்தேன்.

தம்பி அதே கம்பெனியில் டெய்லர். பிளாட்லாக் மெஷினில், சட்டையின் கழுத்தும் கையும் மடித்து அடிப்பான். கைவேலை சுத்தமாக இருக்கும். அவனுக்கு இரண்டு தொந்தரவுகள் இருந்தன. ஒன்று குடி. இன்னொன்று, மனநிலை காரணமில்லாமல் உச்சிக்கு ஏறுவதும் பிறகு தரையில் விழுவதுமான நோய். ஏறியிருக்கும்போது அதை அடக்கக் குடிப்பான். விழுந்திருக்கும்போது எழுந்துகொள்ளக் குடிப்பான். எது முதலில் வந்தது என்று எங்களுக்கே தெரியாது.

இரண்டு வருடம் அவனோடு அலைந்தேன். மனநலப் பிரிவில், குடியை நிறுத்திவிட்டு வாருங்கள், அப்போதுதான் மருந்து வேலை செய்யும் என்றார்கள். குடிபோதை மறுவாழ்வு இல்லத்தில், மனநோய் இருப்பவரை நாங்கள் வைத்துக்கொள்ள முடியாது, அதைச் சரிசெய்துவிட்டு வாருங்கள் என்றார்கள். இரண்டு பேரும் மரியாதையாகத்தான் சொன்னார்கள். என்னிடம் இரண்டு பைல்கள் இருந்தன, மனநலத்துக்கு நீலம், குடிக்குப் பச்சை. ஒரு இடத்தில் ஒன்றை எடுத்து நீட்டும்போது இன்னொன்றைப் பையின் அடியில் வைத்துக்கொள்வேன்.

இதற்கிடையில் தம்பியின் மனைவி, ஆறு வயது மகளைக் கூட்டிக்கொண்டு மூலனூரில் உள்ள தன் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை போடவில்லை. ஆறு மாதம் குடிக்காமல், மனது நிலையாக இருந்து காட்டட்டும், வருகிறேன் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். தம்பிக்கு அந்த ஆறு மாதம்தான் எல்லாமே.

மாசி மாதத்திலிருந்து மனநலப் பிரிவில் கொடுத்த மாத்திரைகளை ஒழுங்காகப் போட்டான். மனது ஒரு நிலைக்கு வந்தது. சித்திரைக் கடைசியில் மறுவாழ்வு இல்லத்தில் முப்பது நாள் இருந்து, குடியை நிறுத்திவிட்டு வந்தான். வாரம் ஒரு நாள் அங்கே நடக்கும் கூட்டத்துக்கும் போய் வந்தான். அந்தக் கூட்டத்தில், பல வருடம் குடிக்காமல் இருக்கும் ஒருவர் பேசினாராம். போதை எந்த உருவத்தில் வந்தாலும் போதைதான், பாதி விட்டவன் விட்டவன் இல்லை, விட்டால் ஒட்டுக்கா விட வேண்டும் என்று. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார்.

ஆடி மாதத்தில் ஒரு நாள், நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது தம்பி சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, நா ஒட்டுக்கா உட்டுட்டேன்."

அன்று சாயங்காலம் நான் கேசரி கிண்டினேன். லைன் வீட்டில் எட்டுக் குடித்தனம். எல்லோருக்கும் கொடுத்தேன். என்ன விசேஷம் என்று கேட்டவர்களுக்குச் சும்மா என்று சொன்னேன்.

அதற்குப் பிறகு தம்பி ஜொலித்தான். வேறு சொல் கிடைக்கவில்லை. காலை எட்டரைக்கு முதல் ஆளாக மெஷினில் உட்காருவான். ஷிப்மென்ட் நேரம். ஒன்றரை ஷிப்ட் முடிந்து எல்லோரும் கை கழுவும்போது, நான் இருந்து முடிக்கிறேன் என்பான். விடிய விடியத் தைத்துவிட்டு, குளித்து, மறுபடி எட்டரைக்கு வருவான். எல்லோரிடமும் பேசுவான். அயர்ன் டேபிளில் நிற்கும் பீகார்ப் பையன்களிடம் இந்தி கற்றுக்கொண்டு இரண்டே நாளில் அவர்களைச் சிரிக்க வைத்தான். கம்பெனி முதலாளி, உட்கார்ந்து தூங்கும் மற்ற டெய்லர்களிடம் அவனைக் காட்டி, "ஆளுன்னா இவனப் பாத்துக் கத்துக்கோங்க" என்றார். திருப்பூரில் ஒருவன் மூன்று ராத்திரி தூங்காமல் இருந்தால் அது நோய் இல்லை. அது ஆர்டர்.

ஆகவே முருங்கைக்காய் மேல் அவன் உட்கார்ந்திருந்தபோதும் நான் சிரித்தேன்.

தம்பி, அடுக்கைக் கட்டு வாரியாகத் தரம் பிரிக்கத் தொடங்கினான். ஓட்டுநர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஏனுங் அம்மிணி, தம்பி தூங்கி எத்தன நாளாச்சுங்?"

ஷிப்மென்ட் நேரம், அதனால் ராத்திரி வேலை என்றேன். அவர் தலையாட்டினார். தன் வீட்டிலும் அப்படித்தான் சொன்னார்கள் என்றார். அங்கே வெள்ளாமைக் காலம் என்றார்களாம்.

பிறகு நடந்ததைச் சொன்னார். முந்தின நாள் தம்பி மகளைப் பார்க்க மூலனூருக்குப் பஸ் ஏறியிருக்கிறான். வீட்டு வாசலில் அரை மணி நேரம் விடாமல் பேசியிருக்கிறான். மாமனார், இன்னொரு நாள் வாங்க மாப்பிள்ளை என்று அனுப்பிவிட்டார். அங்கிருந்து நேராக முருங்கைக்காய்ச் சந்தைக்குப் போயிருக்கிறான்.

"வெல கேட்டாருங்க. சொன்னாங்க. சரின்னு எடுத்துக்கிட்டாருங்க. இருவது வருசமா அந்தச் சந்தையில லோடு அடிக்கறனுங்க, பேரம் பேசாம வாங்குன ஆள நா பாத்ததில்லீங். அப்பவே எனக்குப் பொறி தட்டிருச்சுங்க."

வேறு வண்டிக்காரர்கள் தயங்கியிருக்கிறார்கள். இவர் நான் போகிறேன் என்று முன்வந்திருக்கிறார். லோடுக்காக இல்லை, இந்த ஆளைத் தனியாக விடக் கூடாது என்றுதான் என்றார். எப்படி உங்களுக்குத் தெரியும் என்று கேட்டேன்.

"நானெல்லாம் ஒரே நாள்ல பதினாறு வெள்ளாட்டுக் குட்டி வாங்குனவனுங்க. அன்னிக்கு எனக்கும் எல்லாரும் சாமியாத்தான் தெரிஞ்சாங்க. நீங்க தப்பிச்சீங்க அம்மிணி. முருங்கக்கா கத்தாது."

அப்போதுதான் திரும்பினேன். தம்பியைப் பார்த்தேன். செக்கிங் டேபிளில் பீஸைப் பார்ப்பது போல, முதல்முறையாகப் பார்த்தேன். கன்னம் ஒட்டியிருந்தது. உதடு காய்ந்து வெடித்திருந்தது. கண் சிமிட்டுவதே இல்லை. அயர்ன் செய்த சட்டையில் பொத்தான்கள் ஒரு துளை மாறிப் போட்டிருந்தன.

ஓட்டுநர், வெள்ளகோவில் தாண்டி ஒரு இடம் இருப்பதாகச் சொன்னார். குடியும் மனசுத் தொந்தரவும் சேர்ந்தே இருப்பவர்களுக்கானது. இரண்டையும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் பார்ப்பார்கள். அவருக்கும் அங்கேதான் மருந்து. வியாழனும் சனியும் டாக்டர் வருவார். இன்று வியாழன். தான் திரும்பிப் போகும் வழிதான்.

நான் உடனே சரி சொல்லவில்லை. எட்டரைக்கு வேலை இருந்தது. அதைவிட, விஷயம் மூலனூருக்குத் தெரிந்தால் தம்பியின் மனைவி திரும்பி வர மாட்டாளே என்ற பயம் இருந்தது. அதைச் சொன்னேன். ஓட்டுநர் சிரிக்காமல் பதில் சொன்னார். மூலனூருக்கு நேற்றே தெரிந்துவிட்டதாம். சந்தை முழுக்க அந்தப் பேச்சுத்தானாம்.

தம்பியிடம் ஏதாவது பொய் சொல்லிக் கூட்டிப் போகலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். பொய் சொல்லிக் கூட்டிப் போனால் ஒருமுறைதான் வருவார், நமக்கு அவர் திரும்பத் திரும்ப வர வேண்டும் என்றார். தானே போய்த் தம்பியின் தோளில் கை போட்டுப் பேசினார். நான் மாத்திரை வாங்கும் இடம், தூக்கம் கெட்டால் பார்ப்பார்கள், உங்களுக்கும் பார்த்துக்கொள்ளலாம் என்றார். மத்தியானம் நாற்பது பேருக்குச் சமையல் நடக்கும் இடம் என்பதையும் சேர்த்துச் சொன்னார். அதுவும் உண்மைதான். நாற்பது பேர் என்றதும் தம்பி சாம்பிளுக்கு ஆறு கட்டை எடுத்து வண்டியில் வைத்தான்.

முன் சீட்டில் மூன்று பேர் நெருக்கி உட்கார்ந்து போனோம். காங்கேயம் தாண்டும்வரை தம்பி பேசிக்கொண்டே வந்தான். எந்த நாட்டுக்கு எந்த நீளத்தில் முருங்கைக்காய் அனுப்ப வேண்டும் என்று சைஸ் வாரியாகச் சொன்னான். ஸ்மால், மீடியம், லார்ஜ், எக்ஸ்எல். ஓட்டுநர் ஒவ்வொன்றுக்கும் "ஆமாங், ஆமாங்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் மட்டும், எக்ஸ்எல் சாம்பாருக்கு ஆகாதுங்க தம்பி, முத்திப் போயிருக்கும் என்று திருத்தினார்.

ஒன்பது இருபத்தைந்துக்குப் போய்ச் சேர்ந்தோம். ஒரு காலத்தில் விசைத்தறி ஓடிய கூடம் அது. தறி நின்ற இடங்கள் தரையில் சிமெண்ட் பூசிய சதுரங்களாகத் தெரிந்தன. வாசல் பலகையில் நோயின் பெயரோ குடியின் பெயரோ இல்லை. நேரம் மட்டும் எழுதி, கீழே "உள்ளே வரலாம்" என்று போட்டிருந்தது. ஒரே வாசல். ஒரே வரிசை. வரிசையில் இருந்த பதினோரு பேரில் யார் எதற்கு வந்தவர் என்று பார்த்துச் சொல்ல முடியவில்லை.

மேசையில் ஒரு நர்ஸ் அம்மா இருந்தார். தூத்துக்குடிப் பக்கத்துப் பேச்சு. நான் பழக்கத்தில் நீல பைலை எடுத்து நீட்டினேன். பச்சையைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். அவர் பைலைப் பிரிக்கவே இல்லை. தம்பியைப் பார்த்து, "குடிச்சு எத்தன நாளாச்சு, தூங்கி எத்தன நாளாச்சு, சொல்லுங்க தம்பி" என்றார்.

இரண்டு வருடத்தில் அந்த இரண்டு கேள்வியையும் ஒரே மூச்சில் கேட்ட முதல் ஆள் அவர். நான் பச்சை பைலையும் எடுத்து மேசையில் வைத்தேன்.

குடித்து நூற்றுப் பதினொரு நாள் என்றான் தம்பி. நாள் கணக்கு அவன் நாக்கின் நுனியில் இருந்தது. தூங்கி நான்கு நாள் இருக்கலாம் என்றான். நர்ஸ் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, நூற்றுப் பதினொரு நாள் பெரிய விஷயம் என்று முதலில் அதைப் பாராட்டினார். எப்படி விட்டீர்கள் என்று கேட்டார்.

"ஒட்டுக்கா உட்டுட்டனுங்க."

"ஒட்டுக்காவா? அப்டின்னா என்னது தம்பி? எனக்கு இந்த ஊரு பாஷை இன்னும் சரியாப் புடிபடல."

அவருக்கு ஒரு சொல் தெரியாமல் போனதில் தம்பிக்கு ஏக சந்தோஷம். ஒட்டுக்கா என்றால் ஒன்றாக, மொத்தமாக, எல்லாவற்றையும் சேர்த்து என்று விளக்கினான்.

"எல்லாத்தையும்னா, எதெல்லாம்?"

தம்பி விரல் விட்டு எண்ணினான். பிராந்தி, பீர், பாக்கு. பிறகு நான்காவது விரலையும் மடக்கினான். "அந்த மாத்தரையுங்க. அதுவும் போதைதானுங்களே."

ஒட்டுக்கா என்ற சொல் எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். தெரிந்ததால்தான் எதெல்லாம் என்று நான் கேட்கவில்லை. அந்தச் சொல்லுக்குக் கேசரி கிண்டிக் கொடுத்தேன். இருபத்திரண்டு நாளாக அவன் மாத்திரை போடாமல் இருந்திருக்கிறான், அதுவும் எங்களுக்காக, பெருமையாக.

நர்ஸ் அம்மா அவனையும் திட்டவில்லை, என்னையும் திட்டவில்லை. இப்படி மாத்திரையையும் சேர்த்து விட்டுவிட்டு வருகிறவர்கள் நிறையப் பேர் என்றார். குடி உங்களைக் கவிழ்த்தது, மாத்திரை உங்களைத் தாங்கியது, இரண்டும் வாய் வழியாகப் போவதால் ஒன்றாகிவிடாது என்றார். டாக்டரைக் கேட்காமல் எதையும் நிறுத்தக் கூடாது என்பதை மூன்று முறை சொன்னார். மூன்றாவது முறை தம்பியையே திருப்பிச் சொல்ல வைத்தார்.

பதினோரு மணிக்கு டாக்டர் வந்தார். இரண்டு பைல்களையும் அருகருகே வைத்துப் படித்தார். ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். சில நாள் இங்கேயே தங்கினால் நல்லது, ஆறு படுக்கை இருக்கிறது, சம்மதமா என்று தம்பியிடம்தான் கேட்டார், என்னிடம் இல்லை. தம்பி ஒரு நிபந்தனை போட்டான். முருங்கைக்காயை எடுத்துக்கொள்ள வேண்டும். டாக்டர் சமையல்கார அம்மாவைக் கூப்பிட்டார். அந்த அம்மா ஒரு காயை முறுக்கிப் பார்த்து, பிஞ்சாகத்தான் இருக்கிறது என்று சான்றிதழ் கொடுத்தார். தம்பி கையெழுத்துப் போட்டான்.

ஓட்டுநர் அதுவரை வண்டியை எடுக்கவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் நின்றார். தம்பி உள்ளே போனதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார். கிளம்பும்போது, சனிக்கிழமை நானும் வருவேன் அம்மிணி என்றார். சம்பளம் வாங்கும் கிழமை சனி. எங்கள் ஊரில் குடிக்கும் கிழமையும் அதுதான். அதனால் அங்கே கூட்டத்தைச் சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு வைத்திருக்கிறார்கள்.

நான் பஸ் பிடித்துத் திருப்பூர் வந்தேன். வாசலில் நாற்பத்தெட்டுக் கட்டு காத்திருந்தது. லைன் வீட்டின் எட்டுக் குடித்தனத்துக்கும் கொடுத்தேன். இந்த முறையும் என்ன விசேஷம் என்று கேட்டார்கள். இந்த முறை சும்மா என்று சொல்லவில்லை. தம்பிக்கு உடம்பு சரியில்லை, மனசு சம்பந்தப்பட்டது, வைத்தியத்துக்குச் சேர்த்திருக்கிறேன் என்றேன். நான்காவது வீட்டுக்காரம்மா, "எங்க அக்கா மவனுக்கும் அப்பிடித்தானுங்க" என்று கட்டை வாங்கிக்கொண்டே சொன்னார். ஐந்து வருடமாகப் பக்கத்தில் இருக்கிறோம். அதுவரை இருவருமே வாயைத் திறந்ததில்லை.

மீதியை மறுநாள் கம்பெனிக்கு எடுத்துப் போனேன். செக்கிங் பெண்கள் ஆளுக்கு ஒரு கட்டு. பீகார்ப் பையன்கள் கடுகு அரைத்து ஊற்றி ஒரு குழம்பு வைத்து எனக்கும் ஒரு டப்பாவில் கொண்டுவந்தார்கள். நன்றாகவே இருந்தது. ஒரு வாரம் எங்கள் கம்பெனி டிபன் பாக்ஸ் எதைத் திறந்தாலும் முருங்கைக்காய்.

முதலாளியிடமும் சொன்னேன். அதுவரை தம்பி வராத நாளுக்கெல்லாம் காய்ச்சல் என்றே சொல்லி வந்தவள் நான். இப்போது முழுவதும் சொன்னேன், ராத்திரி வேலை இனி அவனுக்கு ஆகாது என்பது உட்பட. அவர் மேசையில் இருந்த ஆர்டர் நோட்டை மூடிவைத்தார்.

"அப்ப, இத்தன நாளா நா பாராட்டுனது அவனோட சீக்கத்தானுங்களா?"

ஆமாங்க என்றேன். நானும்தான் பாராட்டினேன் என்றும் சேர்த்துச் சொன்னேன். வெள்ளகோவிலிலிருந்து ஒருவர் நேரில் வந்து அவரிடம் பேசினார். இப்படி வேலை இடத்தில் வந்து பேசுவதற்கென்றே அங்கே ஒரு ஆள் இருக்கிறார். அதன் பிறகு தம்பிக்கு ஒரே ஷிப்ட், காலை எட்டரை முதல் மாலை ஐந்தரை வரை, சனிக்கிழமை நான்கு மணிக்கே விடுவது என்று முடிவானது. ஷிப்மென்ட் நேரத்திலும் அதுதான் என்று முதலாளி தானாகவே சொன்னார்.

தம்பி பன்னிரண்டு நாள் அங்கே இருந்தான். இரண்டாம் நாள் பதினான்கு மணி நேரம் தூங்கினான் என்றார்கள். எட்டாம் நாள் நான் போனபோது மெதுவாகப் பேசினான். முருங்கைக்காயை நினைத்து வெட்கப்பட்டான். பிளாட்லாக்கில் நூல் அறுந்தாலும் ஊசி ஓடிக்கொண்டுதான் இருக்கும் அல்லவா, சத்தம் அதேதான், துணியில் மட்டும் தையல் விழாது, நான் அப்படித்தான் மிதித்துக்கொண்டிருந்தேன் அக்கா என்றான். சாப்பாட்டில் ஆறு நாள் தொடர்ந்து தன் முருங்கைக்காய்தான் என்றும், மற்றவர்கள் தன்னை முறைக்கிறார்கள் என்றும் சொன்னான்.

இரண்டாவது சனிக்கிழமை குடும்பத்தாரை வரச் சொன்னார்கள். நான் போகும்போது பெஞ்சில் தம்பியின் மனைவி உட்கார்ந்திருந்தாள். சந்தையில் கேள்விப்பட்டு, ஓட்டுநரைத் தேடிப் பிடித்து இடம் கேட்டு வந்திருக்கிறாள். அவளை ஓட்டுநர்தான் வண்டியில் கூட்டி வந்திருந்தார்.

எங்கள் மூவருக்கும் நடுவில் நர்ஸ் அம்மா ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். மனது மறுபடி ஏறத் தொடங்கினால் முதலில் என்ன தெரியும் என்று ஆளுக்கு ஒன்று எழுதச் சொன்னார். புத்தகத்தில் இருப்பது வேண்டாம், இவருடையது மட்டும் என்றார். நான், "இரண்டு ராத்திரி தூங்காமல் வேலைக்குப் போவது" என்று எழுதினேன். தம்பி, "நாயைச் சாமி என்று கூப்பிடுவது" என்று எழுதினான். அவன் மனைவி, "பேரம் பேசாமல் வாங்குவது" என்று எழுதினாள். கல்யாணமான புதிதில் ஒரு முழம் பூவுக்குக்கூடப் பூக்காரம்மாவிடம் பேரம் பேசி தன்னைத் தெருவில் நிற்க வைத்தவன் இவன் என்று அவள் நர்ஸ் அம்மாவிடம் புகார் மாதிரி சொன்னாள். அவன் குனிந்து சிரித்தான். அவளும் சிரித்தாள். ஆனால் ஆறு மாதம் என்று சொன்னதை அவள் மாற்றவில்லை. அன்று மாலை மூலனூருக்கே திரும்பிப் போனாள்.

அதற்குப் பிறகு எல்லாம் நேர்க்கோடாகப் போகவில்லை. ஐந்து மாதமும் சில நாட்களும் ஆனபோது தீபாவளி வந்தது. கம்பெனியில் லீவு விட்ட மத்தியானம், பழைய சேர்க்கை ஒன்றோடு போய்த் தம்பி குடித்துவிட்டான். ஒரு நாள். மறுநாள் காலையில் அவனே ஓட்டுநருக்குப் போன் செய்தான். சனிக்கிழமை கூட்டத்தில் எழுந்து சொன்னான். அங்கே யாரும் போய்விட்டு அப்புறம் வா என்று சொல்லவில்லை. எவ்வளவு குடித்தீர்கள், மாத்திரையை நிறுத்தினீர்களா என்று நர்ஸ் அம்மா கேட்டார். மாத்திரையை நிறுத்தவில்லை என்றான். டாக்டர் அன்றே பார்த்தார். அதே வாசல், அதே வரிசை.

மூலனூருக்கும் அவனே போனான். நானும் கூடப் போனேன். வாசலில் நின்றபடியே சொன்னான். ஆறு மாதம் முடியப் பதினாறு நாள்தான் பாக்கி இருந்தது. எல்லாம் போயிற்று என்று நான் நினைத்தேன்.

அவன் மனைவி கேட்டு முடித்துவிட்டு, எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"முன்னெல்லாம் குடிச்சா நானாத்தான் கண்டுபுடிக்கோணும். இன்னைக்கு நீங்களா வந்து சொல்றீங்க. நா நாள எண்ணலீங்க. இதத்தான் பாத்துட்டு இருந்தேன்."

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகளோடும் இரண்டு பைகளோடும் ஒரு தையல் மெஷினோடும் அவள் எங்கள் வீட்டில் வந்து இறங்கினாள். அதே குட்டியானைதான். ஓட்டுநர் லோடு இறக்கிவிட்டு, இந்த முறை அடுக்கச் சுலபம் என்றார்.

இப்போது என்னிடம் ஒரே பைல்தான். நிறம் மஞ்சள். செக்கிங் டேபிளில் நான் இன்னும் வேகம்தான். ஆனால் யாராவது என்னிடம் வந்து எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால், எதெல்லாம் என்று கேட்கும் பழக்கம் வந்துவிட்டது. சிலருக்கு எரிச்சலாக இருக்கிறது. கேட்காமல் விட்டுவிட என்னால் முடிவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நான்கு பேரும் காய்கறிச் சந்தைக்குப் போனோம். அரைக் கிலோ முருங்கைக்காய்க்குத் தம்பி பதினேழு நிமிடம் பேரம் பேசினான். கடைக்காரர் கடைசியில் ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் சேர்த்துக் கொடுத்தார்.